நர்ஸ் உங்கள் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தால்... நர்ஸிங் மாணவர்கள் என்னதான் படிக்கிறார்கள்?

காலை 7.30 மணி. அரசு மருத்துவமனை ஒன்றின் மெடிக்கல் வார்டு. இரவெல்லாம் கண் விழித்த உறவினர்கள், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கக் கிளம்பும் நேரம். தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டு, சட்டைப் பையில் பேனா, சின்ன நோட்டு, கையில் நொடிமுள் உள்ள கடிகாரம் சகிதமாக நர்ஸிங் மாணவிகள் வரிசையாக உள்ளே வருகிறார்கள். நடுவில் ஓரிரு மாணவர்களும் உண்டு. ஆளுக்கு ஒன்றிரண்டு படுக்கைகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன.

ஒரு மாணவி, பெரியவர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். பார்வை கடிகாரத்தில். ஒரு நிமிடம் ஆகிறது. நாடித்துடிப்பு எண்ணி முடிந்துவிட்டது. ஆனாலும் கையை விடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'பாவம், புதுப் பொண்ணு... நாடி கிடைக்கலை போல' என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

நாடி கிடைத்துவிட்டது. இப்போது அவர் எண்ணிக்கொண்டிருப்பது மூச்சை!

'உங்க மூச்சை எண்ணப்போறேன்' என்று சொன்னால், யாராக இருந்தாலும் மூச்சு மாறிவிடும். சிலர் அடக்குவார்கள், சிலர் இழுத்து விடுவார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். முதலாமாண்டு மாணவிகளுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இது. ஆரோக்கியமான பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்றால், ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பல நேரங்களில் மூச்சு வேகமெடுத்துவிடும். மருத்துவர் ரவுண்ட்ஸ் வர இன்னும் நேரம் இருக்கலாம். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப்போவது படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர்தான்.

'நோயாளியை நல்லா கவனிச்சுக்கோங்க' என்று நாம் சொல்வோம். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். நர்ஸிங் படிப்பில் அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொள்கிறது: உற்றுப் பார்ப்பது. ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது, கட்டுப் போடுவதுதான் நர்ஸ் வேலை என்று நினைத்திருப்பவர்களுக்கு, இந்தப் படிப்பின் பெரும்பகுதி கவனிக்கக் கற்றுக்கொள்வதில்தான் போகிறது என்பது ஆச்சர்யமாக இருக்கலாம்.

ஏ.என்.எம், ஜி.என்.எம், பி.எஸ்சி... எது எப்படி?

ப்ளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் பக்கம் வருபவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஏ.என்.எம் என்பது 2 ஆண்டுப் படிப்பு, பெண்களுக்கானது. தாய் சேய் நலம், தடுப்பூசி, கிராம சுகாதாரம் இவைதான் இதில் பிரதானம். துணை சுகாதார நிலையத்தில் நாம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரின் வேலைக்கு அடிப்படை இந்தப் பயிற்சிதான்.

ஜி.என்.எம் என்பது 3 ஆண்டு டிப்ளமோ. கடைசியில் 6 மாத இன்டர்ன்ஷிப்பும் இதற்குள்ளேயே அடக்கம். ப்ளஸ் டூவில் குறைந்தது 40 சதவிகித மதிப்பெண் வேண்டும். அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கு முன்னுரிமை. மற்ற பிரிவினருக்கும் வாய்ப்பு உண்டு.

பி.எஸ்சி நர்ஸிங் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவிகிதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 40 சதவிகிதம். 2021-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றியமைத்த பிறகு, இது 8 செமஸ்டர்களாக நடக்கிறது. எட்டாவது செமஸ்டரில் வகுப்பு கிடையாது. 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம், முழுக்க இன்டர்ன்ஷிப்.

பட்டப்படிப்பாக இது இந்தியாவுக்கு வந்தது 1946-ல். அந்த ஆண்டு டெல்லியிலும் நம் வேலூர் சி.எம்.சி-யிலும் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸிங் பள்ளி ஆரம்பித்துவிட்டார்.

கையும் கட்டிலும்தான் முதல் பாடம்!

நர்ஸிங்கில் சேர்ந்ததும் ஊசியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் என்று ஒரு பக்கம் வகுப்புகள் போக, இன்னொரு பக்கம் 'நர்ஸிங் ஃபவுண்டேஷன்' ஆய்வகத்தில் முதலில் கற்றுத்தருவது கை கழுவ!

உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று வரிசை உண்டு. சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடிகள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 நொடிகள். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், சுத்தமான சிகிச்சை செய்யும் முன், ரத்தம் போன்ற திரவங்கள் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியின் படுக்கையையோ பொருள்களையோ தொட்ட பின்... இந்த ஐந்து தருணங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமியைக் கொண்டுபோகும் வாகனம் பெரும்பாலும் கைதான்.

அடுத்தது கட்டில். விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து, மூலைகளை உறைபோல மடித்துச் செருகுவதற்கு மதிப்பெண் உண்டு. 'இதெல்லாம் ஒரு படிப்பா?' என்று வீட்டில் கேலி பேசுபவர்களும் உண்டு. ஆனால், அசைய முடியாமல் படுத்திருப்பவருக்கு விரிப்பின் சுருக்கம் சாதாரண விஷயமல்ல. எலும்பு துருத்தும் இடங்களில் அழுத்தம் விழுந்து, ஈரமும் உராய்வும் சேர்ந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, முதுகைத் துடைத்து விடுவது, குதிகால், இடுப்பு, முதுகுத்தண்டின் அடிப்பகுதி சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாமே பாடம். நோயாளி படுத்திருக்கும்போதே, அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாதி விரிப்பை உருவி, புதிய விரிப்பைப் பாதி போட்டு, மறுபக்கம் புரட்டி முடிக்கும் வித்தையும் இதில் அடக்கம். வீட்டில் படுத்த படுக்கையாகத் தாத்தா, பாட்டி இருப்பவர்களுக்குத் தெரியும், இது எத்தனை பெரிய வேலை என்று!

எல்லாமே முதலில் பொம்மையின் மீது. ஆசிரியர் செய்துகாட்டுவார், மாணவி திருப்பிச் செய்துகாட்ட வேண்டும். தசையில் போடும் ஊசி 90 டிகிரி, தோலுக்குள் போடும் டெஸ்ட் ஊசி 10 முதல் 15 டிகிரி என்று கோணங்களைப் பொம்மைக் கையிலும் ஸ்பாஞ்சிலும் பழகிய பிறகே வார்டு. அங்கேயும் பக்கத்தில் ஆசிரியரோ, சீனியர் நர்ஸோ நிற்க வேண்டும். பொம்மையில் 50 முறை சரியாகச் செய்தவர்களுக்கும், முதன்முதலில் உயிருள்ள ஒரு கையைப் பிடிக்கும்போது விரல் நடுங்கத்தான் செய்யும். பொம்மை 'ஸ்ஸ்...' என்று முகம் சுளிக்காதே!

புள்ளி தப்பினால் மருந்து தப்பும்

'கணக்கு வராதுன்னுதான் நர்ஸிங் எடுத்தேன்' என்று வருபவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. மருந்தியல்!

500 மி.லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மி.லி-க்கு 20 சொட்டு விழும் டியூப். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டுகள். 4 மணி நேரம் என்பது 240 நிமிடங்கள். வகுத்தால் ஏறக்குறைய 42. மாணவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உருளையைத் திருகி 42-க்குக் கொண்டுவர வேண்டும். குழந்தைகளுக்கான டியூபில் ஒரு மி.லி-க்கு 60 சொட்டுகள். எந்த டியூப் என்று பார்க்காமல் எண்ணினால் மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

இன்சுலின் இன்னொரு கண்ணி. நம் ஊரில் ஒரு மி.லி-யில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் '10' என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல... 25 யூனிட்! சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கிவிடலாம். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

எழுதுவதற்கும் விதி உண்டு. 'அரை மில்லிகிராம்' என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டே எழுத வேண்டும். வெறும் புள்ளி 5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். அதே நேரம், 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது. அதை யாராவது 50 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்... மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். 'நீங்கதானே முருகன்?' என்று கேட்கக்கூடாது, 'உங்க பேர் என்ன?' என்று கேட்க வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார் என்பதுதான் காரணம். நர்ஸ் மறுபடி மறுபடி பெயர் கேட்டால் எரிச்சலாகாதீர்கள். அவர் படித்ததைச் சரியாகச் செய்கிறார்!

வார்டு என்னும் வகுப்பறை

வார்டு போஸ்டிங்கில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நோயாளி 'கேஸ்' ஆகக் கொடுக்கப்படுவார். அவரிடம் பேசி, பரிசோதித்து, மருத்துவர் எழுதிய நோயைத் தாண்டி, இந்த மனிதருக்கு இப்போது என்ன கஷ்டம் என்று மாணவி கண்டுபிடிக்க வேண்டும். மூச்சுத்திணறலால் தூங்க முடியவில்லையா? விழுந்துவிடுவோம் என்ற பயமா? எந்த மாத்திரை எதற்கு என்று தெரியவில்லையா? அதற்கு என்ன செய்யலாம் என்று திட்டமிட்டு, செய்து, பலன் கிடைத்ததா என்று மறுபடி பார்த்து எழுதுவதுதான் 'கேர் பிளான்'. நர்ஸிங் மாணவர்கள் இரவு 12 மணிக்கும் உட்கார்ந்து எழுதும் கட்டுக்கட்டான ரெக்கார்டுகளில் பாதி இதுதான்.

ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையாகச் சென்று அடுத்தவரிடம் விவரம் ஒப்படைப்பது, குடித்த தண்ணீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து எழுதுவது, எந்தக் குப்பையை எந்த நிற வாளியில் போடுவது... இவையும் பாடங்களே. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில், பிளாஸ்டிக் டியூப் சிவப்பில், ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். இடம் மாறிப் போட்ட ஓர் ஊசி, குப்பை அள்ளும் துப்புரவுப் பணியாளரின் கையில் ஏறிவிடும்.

எந்தப் பொம்மையும் சொல்லித்தராத பாடமும் வார்டில் உண்டு. மரணம். 18, 19 வயதில், நேற்று வரை 'சாப்டியா கண்ணு?' என்று கேட்ட ஒரு பாட்டியின் படுக்கைக்குத் திரை இழுக்கப்படுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். கண்களை மூடி, உடலைத் துடைத்து, தாடையைக் கட்டி, அடையாளச் சீட்டு கட்டி, மூக்குத்தியையும் வளையலையும் உறவினரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். விபத்து போன்ற போலீஸ் கேஸ் என்றால் உடலில் உள்ள டியூபுகளை அகற்றக்கூடாது. இதையெல்லாம் நடைமுறையாகக் கற்றுத்தரலாம். அன்று இரவு ஹாஸ்டலில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பதை யாரும் கற்றுத்தர முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு சீனியர் அக்காதான் பெரும்பாலும் ஆறுதல்.

பிரசவ அறையில் எண்ணப்படும் நிமிடங்கள்

பிரசவ வார்டு போஸ்டிங் பலருக்கும் மறக்க முடியாதது. கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டு குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி கூடக் கூட அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 'பார்ட்டோகிராஃப்' என்ற வரைபடத்தில் குறிக்க வேண்டும். கோடு திசைமாறினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும். அழுததா, நிறம் எப்படி, கை கால் அசைகிறதா என்று முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் 'ஆப்கார்' மதிப்பெண் போட வேண்டும். ஆனால், அதே நேரத்தில் தாயையும் மறக்கக்கூடாது என்பதுதான் இந்த வார்டின் பெரிய பாடம். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. முதல் இரண்டு மணி நேரமும் 15 நிமிடங்களுக்கு ஒரு முறை வயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை வைக்கும்போது அது மெத்தென்று இருந்தால் அபாய மணி! வெளியே ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, உள்ளே ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

கீழ்ப்பாக்கத்தில் பேசவும் கற்கிறார்கள்

மனநல நர்ஸிங் பயிற்சிக்காகத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் மாணவர்கள் சென்னை, கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்துக்கு வருகிறார்கள். 1794-ல் தொடங்கிய நிறுவனம் அது. சினிமாவில் பார்த்த காட்சிகளை மனதில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து உள்ளே வருபவர்கள்தான் அதிகம். அங்கே பார்ப்பதோ, பாயை மடித்து வைத்துவிட்டு, வரிசையில் நின்று சாப்பாடு வாங்கும் சாதாரண மனிதர்களை.

இங்கே கருவி எதுவும் இல்லை. பேச்சுதான் கருவி. 'எல்லாம் சரியாயிடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. 'ஏன் இப்படிப் பண்ணினீங்க?' என்று விசாரணை செய்யக்கூடாது. காதில் குரல் கேட்பதாகச் சொல்பவரிடம் 'அதெல்லாம் பொய்' என்று சண்டை போடவும் கூடாது, 'ஆமாம், எனக்கும் கேட்குது' என்று ஒத்து ஊதவும் கூடாது. 'உங்களுக்குக் கேட்குதுன்னு புரியுது. எனக்குக் கேட்கலை. அது உங்களுக்குப் பயமா இருக்கா?' என்று அவருடைய உணர்வின் பக்கம் போக வேண்டும். பேசி முடித்த பிறகு, அவர் சொன்னதையும் தான் சொன்னதையும் அப்படியே எழுதி, தன் பதிலில் எங்கே தவறு என்று தானே குறிக்க வேண்டும். வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் பாதிச் சண்டைகள் குறைந்துவிடும்!

செய்தித்தாள் விரித்துத்தான் பையைத் திறக்க வேண்டும்

சமுதாய நர்ஸிங் போஸ்டிங்கில் மாணவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை மையமாக வைத்து, கிராமங்களுக்கும் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் வீடு வீடாகச் செல்கிறார்கள். தோளில் ஒரு பை. அதை நேராகத் தரையில் வைக்கக்கூடாது. செய்தித்தாள் விரித்து, அதன் மேல் வைத்து, கை கழுவிய பிறகே திறக்க வேண்டும். ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

மருத்துவமனையில் தெரியாத பல விஷயங்கள் இங்கேதான் புரியும். சர்க்கரை மாத்திரை தவறாமல் வாங்கும் ஒருவர், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் வேலை என்பதால் மாத்திரையைத் தவிர்க்கிறார். கொசு ஒழிப்பு பற்றிப் பேசப்போன வீட்டில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் புழு நெளிகிறது. குழந்தைக்கு வெறும் சளி என்று அம்மா சொல்ல, சட்டையைத் தூக்கி முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினால் வேறு கதை தெரிகிறது. 2 மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்கேன், எக்ஸ்ரே இல்லாத திண்ணையில், நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம் செய்யும் வேலை இது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்லும் இதுபோன்ற பணிகளுக்கு வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிந்தவர்கள்தான் தேவை.

யூனிஃபார்முக்குப் பின்னால்...

சிரமங்கள் இல்லாமல் இல்லை. தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு முதல் ஆண்டு முழுக்க ஆங்கிலப் புத்தகங்களோடு போராட்டம். எலும்புகளின் பெயரை உச்சரிக்கவே பாதி செமஸ்டர் போய்விடும். வார்டிலோ நோயாளிக்குத் தமிழில் விளக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மொழிகளுக்கு நடுவே ஓட வேண்டியிருக்கும்.

பாடம், வார்டு இரண்டிலும் 80 சதவிகித வருகைப் பதிவு கட்டாயம். பட்டம் வாங்குவதற்குள் செய்முறைப் பயிற்சியை 100 சதவிகிதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த வார்டு நாள்களையும் பிறகு ஈடுகட்ட வேண்டும். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட, டியூட்டி பார்த்தவர்கள் நிறைய.

ஊசி குத்திவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். குத்திவிட்டால், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே சொல்ல வேண்டும். ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

இன்னொன்றும் இருக்கிறது. நர்ஸ்கள் குறைவாக உள்ள வார்டுகளில் மாணவர்கள் எடுபிடி ஆளாகிவிடுவது. நாள் முழுக்கச் சீட்டு தூக்கிக்கொண்டு லேபுக்கும் மருந்தகத்துக்கும் ஓடினால், கற்றுக்கொள்ள நேரம் ஏது? அவசரமான வார்டில், மூச்சை எண்ணாமலே தோராயமாக ஒரு நம்பரைப் போட்டுவிடும் பழக்கமும் உலகம் முழுக்கப் பேசப்படும் பிரச்னை. முதலாமாண்டில் இரண்டு நிமிடம் கையைப் பிடித்து நின்ற மாணவி, நான்காம் ஆண்டிலும் அப்படியே நிற்கிறாரா என்பதில்தான் அந்தக் கல்லூரியின் தரம் தெரியும்.

சேருவதற்கு முன் இதைப் பாருங்கள்!

'ஒரு வருஷ நர்ஸிங், உடனே வேலை' என்ற விளம்பரங்களை நம்பி, நகையை அடகு வைத்து பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. முறையான அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் சட்டப்படி நர்ஸாகப் பணியாற்ற முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பணம் போனதைவிட, போன வருடங்கள்தான் வலிக்கும்.

* ஏ.என்.எம், ஜி.என்.எம், பி.எஸ்சி தவிர்த்த 'நர்ஸிங் டிப்ளமோ', 'நர்ஸிங் அசிஸ்டென்ட்' என்றால், 'இதை முடித்தால் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியுமா?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

* கல்லூரியின் பெயர் இந்திய நர்ஸிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் பட்டியல்களில் இருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்திலேயே பாருங்கள். பி.எஸ்சி என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு போன்ற பல்கலைக்கழக அனுமதியையும் பாருங்கள்.

* வார்டு பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கைகள், நிஜமாகவே நோயாளிகள் வருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடம் பளபளப்பாக இருந்து, வார்டு காலியாக இருந்தால் பிள்ளைகள் யாரிடம் கற்பார்கள்?

* கடைசி ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். எந்த விளம்பரத்தையும்விட அது உதவும்.

படித்த பிறகு?

கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, அரசு மருத்துவமனைப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம் முடித்தவர்கள் 2 ஆண்டுகள் படித்து பி.எஸ்சி-க்கு இணையான பட்டம் பெறலாம். எம்.எஸ்சி, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என மேற்படிப்புகள் இருக்கின்றன. வெளிநாடு போக விரும்புபவர்களுக்கு அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி என ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வாசல். ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை ஒரு முறை பார்த்துவிடலாம்.

எந்த நாட்டுக்குப் போனாலும், எத்தனை நவீன மானிட்டர் பக்கத்தில் இருந்தாலும், கூடவே போவது அந்த முதலாமாண்டுப் பாடம்தான். கையைப் பிடி, கடிகாரத்தைப் பார், எண்ணு, உள்ளதை எழுது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, யூனிஃபார்ம் கஞ்சி மொடமொடக்க ஒரு மாணவி உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றால், 'சீக்கிரம் முடிம்மா' என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் எண்ணி முடிக்கட்டும். இதைப் படித்துவிட்டோமே என்று மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்... பாவம், அவர் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்!